அரசகரும மொழி: ருஷ்யாவின் அனுபவமும் நமது அனுபவமும்

1914ஆம் ஆண்டு ஜனவரியில், ஜார் மன்னனின் ஆட்சி இன்னும் நிலைபெற்றிருந்த காலத்தில், லெனின் சிறு கட்டுரை ஒன்றினை வெளியிட்டார். கட்டாயமான அரசகரும மொழி தேவைதானா என்பதே அதன் பொருள். ருஷ்ய மொழி மகத்தானது, வளமிக்கது. ஆகவே சாம்ராச்சியத்தில் வாழும் அனைவரும் அதனைக் கற்றல் கடமை என்று அக்காலத்து மிதவாதிகள் வாதிட்டு வந்தனர். துர்கனேவும் டால்ஸ்டாயும் எழுதிய மொழியின் பெருமையைத் தாம் அவர்களைவிட நன்கறிவதாக லெனின் விடையளித்தார். ஒவ்வொரு குடிமகனுக்கும் அம்மொழியைக் கற்கும் வாய்ப்புக் கிடைத்தல் வேண்டும் என்பதையும் அவர் ஏற்றுக்கொண்டார். கட்டாயத்தை மாத்திரமே அவர் நிராகரித்தார். வாணிபமும் தொழிலும் மக்களை ஓரிடத்திற் சேர்க்கும்போது தமக்குப் பயன்படும் மொழியை அவர்கள் தாமாகவே கற்றுக்கொள்வர். அச்சுறுத்திக் கற்பிக்கப் புகுந்தால் பகைமையே மிஞ்சும் என்பது அவரது வாதத்தின் சாரம்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நமக்கு இது தூரதேசத்து விவகாரம் அன்று. செட்டியார் தெருவிலே நகை விற்பவரும் துறைமுகத்திலே மூட்டை சுமப்பவரும் சிங்களம் பேசுவர். எந்தச் சட்டமும் அவர்களுக்கு அதனைக் கற்பிக்கவில்லை. வெள்ளவத்தைச் சந்தையிலே சிங்கள வியாபாரி தமிழில் விலை கூறுவதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். அவரையும் எவரும் பரீட்சைக்கு உட்படுத்தவில்லை. ஆனால் அதே துறைமுகத் தொழிலாளி ஒரு முறைப்பாட்டுடன் பொலிஸ் நிலையத்துக்குச் செல்லும்போது நிலைமை மாறிவிடுகின்றது. அவன் பேசக்கூடிய சிங்களத்துக்கும் அவனால் வாசிக்க முடியாத சிங்கள எழுத்துக்கும் இடையிலுள்ள தூரம் அங்கேதான் தெரியவருகின்றது. அவனது வாக்குமூலம் அவனுக்கு விளங்காத எழுத்தில் எழுதப்பட்டு, கையொப்பத்துக்காக அவன் முன் நீட்டப்படுகின்றது. சந்தையில் இணக்கத்தை உண்டாக்கிய மொழி, கந்தோரில் அவனை ஊமையாக்குகின்றது. மொழியை இவ்வாறு மாற்றிவிடும் சக்தி எது? இக்கேள்விக்கு விடை தேடும் முகமாகவே ருஷ்ய மொழியின் வரலாற்றை நாம் இங்கு நோக்குகிறோம்.

ஜார் ஆட்சி மொழியை ஓர் ஆட்சிக் கருவியாகவே கையாண்டது. 1863ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்றினால் உக்ரேனிய மொழியிற் பாடநூல்களும் சமய நூல்களும் அச்சிடுதல் தடுக்கப்பட்டது. 1876ஆம் ஆண்டு ஆணை அத்தடையை மேலும் விரித்து, நாடக மேடையையும் உள்ளடக்கியது. லித்துவேனியர் தம் மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடுதல் 1864 முதல் 1904 வரை நாற்பது ஆண்டுகள் குற்றமாக்கப்பட்டிருந்தது. 1906ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம் ருஷ்யமே அரசின் பொதுமொழி என்றும், தரைப்படை, கடற்படை, அரச நிறுவனங்கள் யாவற்றிலும் அது கட்டாயமானது என்றும் விதித்தது. 1897ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி ருஷ்ய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் அச்சாம்ராச்சியத்தில் அரைவாசிக்கும் குறைவானவர் என்பதை மனங்கொண்டால் இவ்விதியின் இயல்பு புலனாகும். விளைவு என்ன? லித்துவேனிய விவசாயிகள் எல்லைக்கு அப்பால், பிரஷ்ய மண்ணில் அச்சான நூல்களை மூட்டைகளில் மறைத்து இரவிலே சுமந்து வந்தனர். அரசு தடை செய்த எழுத்தைத் தாய்மார் வீட்டிலே பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். நாற்பதாண்டுகளின் முடிவில் தடையை நீக்கியது ஜார் அரசே.

அக்டோபர் புரட்சிக்குப் பின் எழுந்த அரசு, ருஷ்யத்தை அரச மொழியெனத் தன் அரசியலமைப்புக்களில் எங்கும் குறிப்பிடவில்லை. 1923இற் கூடிய கட்சியின் பன்னிரண்டாவது மாநாடு, குடியரசுகளின் நிருவாகமும் கல்வியும் அவ்வவ் மக்களின் மொழிகளில் நடைபெறல் வேண்டுமென்ற கொள்கையை வகுத்தது. எழுத்து வடிவமே அற்றிருந்த பல மொழிகள் அக்காலத்தில் எழுத்தும் பாடநூலும் பத்திரிகையும் பெற்றன. வட துருவத்தை அண்டி வாழ்ந்த சிறு இனங்களின் குழந்தைகளுக்கும் தாய்மொழியில் அரிச்சுவடிகள் ஆக்கப்பட்டன. உலக வரலாற்றில் எந்த ஏகாதிபத்தியமும் செய்ய முன்வராத பணி அது என்பதை எதிரிகளும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கின்றது என்பதை லெனின் நோயுற்றுக் கிடந்த வேளையிலும் கண்டுகொண்டார். 1922 டிசம்பர் இறுதியில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட குறிப்புக்களில், ருஷ்யரல்லாத குடியரசுகளில் தேசிய மொழியின் உபயோகத்துக்கு மிகக் கண்டிப்பான விதிகள் தேவை என்று அவர் வற்புறுத்தினார். புகைவண்டிச் சேவையின் ஒருமைப்பாடு, வரி நிருவாகத்தின் ஒருமைப்பாடு என்னும் போர்வைகளில் பழைய ருஷ்ய மேலாதிக்கம் மீண்டும் தலைதூக்கும் என அவர் எச்சரித்தார். புகைவண்டி நிலையத்தையும் வரிக் கந்தோரையும் அவர் பெயரிட்டுச் சுட்டியமை கவனிக்கத்தக்கது. சாதாரண மனிதன் அரசைச் சந்திக்கும் இடங்கள் அவையே. இக்குறிப்புக்கள் சோவியத் யூனியனில் 1956ஆம் ஆண்டுவரை பகிரங்கமாக அச்சிடப்படவில்லை. நமது நாட்டில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய ஆண்டும் அதுவே.

எச்சரிக்கை பலித்தது. 1938 மார்ச்சில் வெளியான ஆணை, குடியரசுகளின் பாடசாலைகள் யாவற்றிலும் ருஷ்யத்தைக் கட்டாய பாடமாக்கியது. லத்தீன் எழுத்தைப் பெற்றிருந்த மொழிகள் பலவும் அக்காலத்தை அடுத்து ருஷ்ய எழுத்துக்கு மாற்றப்பட்டன. ஒருமுறை கற்ற எழுத்தை மக்கள் மறந்து மற்றோர் எழுத்தைக் கற்க வேண்டியதாயிற்று. (அதே 1938ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் இந்தி கட்டாய பாடமாக்கப்பட்டது, எதிர்ப்பின் முன் 1940இல் அது கைவிடப்பட்டது.) 1978 ஏப்ரலில் ஜோர்ஜியாவின் புதிய அரசியலமைப்பிலிருந்து ஜோர்ஜிய மொழியின் அரச மொழி அந்தஸ்தை அகற்ற முற்பட்டபோது திபிலிசி நகர மாணவர் வீதிக்கு வந்தனர். அரசு பின்வாங்கியது. 1989ஆம் ஆண்டிலே எஸ்தோனியா, லத்வியா, மோல்தாவியா, உக்ரேன் எனக் குடியரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தத்தம் மொழியை அரச மொழியாக்கிச் சட்டமியற்றின. இதற்கு மறுமொழியாக 1990 ஏப்ரலில், வரலாற்றில் முதன்முறையாக, ருஷ்யத்தைச் சோவியத் யூனியனின் அரசகரும மொழியெனப் பிரகடனஞ் செய்யும் சட்டம் மொஸ்கோவில் நிறைவேறியது. இருபது மாதங்களின் பின் அந்த யூனியனே இல்லாதொழிந்தது. எழுபதாண்டுகள் சட்டமின்றியே கோலோச்சிய மொழி, சட்டம் பெற்ற மறுகணமே தன் அரசை இழந்தது.

இன்றைய நிலையை நோக்குவோம். ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அரசகரும மொழிகளுள் ருஷ்யமும் ஒன்று. சபையின் சாசனமே 1945இல் எழுதப்பட்ட ஐந்து மொழிகளுள் ஒன்றாக அது அங்கு இடம்பெற்றது. ருஷ்யக் கூட்டாட்சியின் 1993ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதனை அரச மொழியாக்கியது. கிர்கிஸ்தானில் கிர்கிஸ் அரச மொழி. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ருஷ்யம் அரசகரும மொழி. கஸாக்ஸ்தானின் 1995ஆம் ஆண்டு அரசியலமைப்பு, கஸாக் மொழியை அரச மொழியாக்கி, அரச நிறுவனங்களில் ருஷ்யமும் அதற்குச் சமமாகப் பயன்படலாம் என்றது. உஸ்பெக்கிஸ்தானும் துர்க்மெனிஸ்தானும் 1993 முதல் லத்தீன் எழுத்தை நோக்கித் திரும்பின.

இந்த வரிசையில் இரு நாடுகள் நமது சிறப்பான கவனத்துக்குரியன. முதலாவது லத்வியா. அங்கு ருஷ்ய மொழி பேசுவோர் பெருந்தொகையான சிறுபான்மையினர். ருஷ்யத்தை இரண்டாவது அரச மொழியாக்கும் யோசனை 2012 பெப்ரவரியில் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது வாக்களித்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அதனை நிராகரித்தனர். நேற்றைய கட்டாயத்தின் கசப்பு இன்றைய வாக்காயிற்று. அதனை நாம் விளங்கிக்கொள்ளலாம். ஆயினும் ரீகா நகரத்துக் கந்தோரில் நிற்கும் ருஷ்யக் கிழவியின் நிலையும் கொட்டாஞ்சேனைத் தொழிலாளியின் நிலையும் ஒன்றே என்பதை நாம் கூறாது விடலாகாது. கட்டாயம் தீயதெனில் அது எவர் கையிலிருந்தாலும் தீயதே. மறுபுறத்தில், ருஷ்ய மொழி பேசுவோரைப் பாதுகாத்தல் என்பதைத் தன் நியாயங்களுள் ஒன்றாகக் கூறிக்கொண்டு மொஸ்கோ 2022 பெப்ரவரியில் உக்ரேன்மீது படையெடுத்தது. அதன் பின்னர் ருஷ்யத்தையே வீட்டு மொழியாகக் கொண்டிருந்த உக்ரேனியர் பலர் மனங்கசந்து உக்ரேனிய மொழிக்கு மாறினர். பீரங்கியோடு வந்த பாதுகாப்பு, தான் பாதுகாக்க வந்த மொழிக்கே பகையாயிற்று.

இரண்டாவது நாடு பெலாரஸ். 1990இல் அங்கு பெலாரஸ் மொழி மாத்திரமே அரச மொழியாக்கப்பட்டது. 1995 மே மாத வாக்கெடுப்பின் பின் ருஷ்யமும் சம அந்தஸ்துப் பெற்றது. ஏட்டளவில் இரு மொழிகளும் சமம். நடைமுறையிலோ கந்தோரும் பத்திரிகையும் பல்கலைக்கழகமும் பெரும்பாலும் ருஷ்யத்திலேயே இயங்க, நாட்டின் பெயரையே தாங்கிய மொழி பின்தள்ளப்பட்டது. சம அந்தஸ்து என்னும் சொல் சட்டத்தில் இடம்பெற்றதனால் மாத்திரம் சமத்துவம் வந்துவிடாது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கே நாம் நம்மையும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுதல் வேண்டும். மொஸ்கோவில் அழகுற அச்சாகி, மலிவான விலையில் வந்த தமிழ் நூல்களை நம்மில் எத்தனையோ பேர் படித்து வளர்ந்தோம். கார்க்கியின் 'தாய்' தமிழிலேயே நம் இல்லங்களுக்குள் நுழைந்தாள். 1960இல் மொஸ்கோவில் நிறுவப்பட்டு லுமும்பாவின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்துக்கு இந்நாட்டு இளைஞர் சென்று, ருஷ்யம் கற்று, மருத்துவராகவும் பொறியியலாளராகவும் மீண்டனர். எவரும் அவர்களை வற்புறுத்தவில்லை. 1914இல் லெனின் கூறிய வழியிலேயே அம்மொழி நம்மை வந்தடைந்தது. ஆனால் தேசிய இனங்களின் மொழிப் பிரச்சினை சோவியத் நாட்டில் முற்றாகத் தீர்ந்துவிட்டதென்றும் நாம் நம்பினோம், பிறருக்கும் போதித்தோம். 1938ஆம் ஆண்டு ஆணையைப் பற்றி நாம் கேட்கவில்லை. திபிலிசி மாணவரின் குரலை ஏகாதிபத்தியப் பிரசாரமெனத் தள்ளினோம். தூரத்து உண்மையைக் காண மறுத்த கண் வீட்டுக்குள்ளும் பழுதுபடுதல் இயல்பு.

வீட்டுக்குள் நடந்தது இதுதான். 1944 மே மாதத்தில் அரசாங்க சபையிலே, ஆங்கிலத்துக்குப் பதிலாகச் சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையை ஜே. ஆர். ஜயவர்த்தன கொண்டுவந்தபோது, தமிழையும் சேர்க்கும் திருத்தத்தை வி. நல்லையா முன்வைத்தார். திருத்தம் ஏற்கப்பட்டது. பன்னிரண்டாண்டுகளின் பின், 1956 ஜூனில், அந்த இணக்கம் கைவிடப்பட்டது. மூன்றே பிரிவுகளைக் கொண்ட ஒரு சிறு சட்டம், சிங்களம் ஒன்றே அரசகரும மொழி என்றது. ஜூன் 5ஆந் திகதி காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் தாக்கப்பட்டனர். சட்டத்துக்குச் சார்பாக 66 வாக்குகளும் எதிராக 29 வாக்குகளும் விழுந்தன.

அந்த 29 வாக்குகளுள் இடதுசாரிகளின் வாக்குகளும் இருந்தன என்பது நாம் பெருமைப்படவேண்டிய உண்மை. பருத்தித்துறையிலிருந்து கம்யூனிஸ்டாகத் தெரிவான பொ. கந்தையா அச்சட்டத்தை எதிர்த்தார். லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா, இரு மொழிகளை ஏற்றால் நாடு ஒன்றாக நிலைக்கும், ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்னும் கருத்தைத் துணிந்துரைத்தார். இவர் வெள்ளவத்தைக்குப் புதியவரல்லர். 1933இல் வெள்ளவத்தை நெசவாலையில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சங்கத்தின் தலைவராக நின்றவர் அவரே. சிங்களத் தொழிலாளரும் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரும் அங்கே ஒரே கோரிக்கைக்காகப் போராடினர். அவ்வனுபவத்திலிருந்தே 1935இல் சமசமாஜக் கட்சி பிறந்தது எனக் கூறுதல் மிகையாகாது. எந்த மொழியில் ஏச்சு வாங்கினாலும் கூலி ஒன்றே என்பதை நெசவாலைத் தொழிலாளி அறிந்திருந்தான். இன்று அந்நிலத்தில் மாடமாளிகைகள் எழுந்துள்ளன.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சொல்லும்போது நம் குரல் தாழ்கின்றது. 1957 ஜூலையில் ஒப்பமிடப்பட்ட பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் மறு ஆண்டு ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டது. அதனையடுத்து மூண்ட கலவரத்தின் பின், தமிழ் மொழிக்கான விசேட ஏற்பாடுகள் சட்டம் 1958இல் நிறைவேறியது. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகள் வருவதற்கே 1966 ஜனவரிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வந்தபோது அவற்றை எதிர்த்து ஊர்வலம் போனவர் யார்? ஜனவரி 8ஆந் திகதி கொழும்பு வீதிகளில், ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியினரோடு தோளோடு தோள் நின்று, பத்தாண்டுகளுக்கு முன் சம அந்தஸ்துக்காக வாதாடிய இரு இடதுசாரிக் கட்சிகளும் நின்றன. அன்று பொலிஸார் சுட்டதில் பௌத்த பிக்கு ஒருவர் உயிரிழந்தார். 1972இல் புதிய அரசியலமைப்பை ஆக்கும் பொறுப்பு கொல்வின் ஆர். டி சில்வாவிடமே வந்தது. சாதாரண சட்டமாக இருந்த தனிச் சிங்களம் அவர் கைகளாலேயே அரசியலமைப்பின் ஏழாவது பிரிவாயிற்று. பாராளுமன்றப் பெரும்பான்மைக்காக ஒரு கோட்பாடு கைமாறியது. அதன் விலையைச் செலுத்தியவர் தமிழர் மாத்திரமல்லர். தமிழ்த் தொழிலாளிக்கும் சிங்களத் தொழிலாளிக்கும் இடையே நின்ற ஒரே பாலமும் அன்று தகர்ந்தது.

கட்டாயம் ஒரு தனிமனிதனின் வாழ்வில் எவ்வாறு நுழைந்தது என்பதற்குக் கோடீஸ்வரன் வழக்கு சான்று. அரசாங்க எழுதுவினைஞரான அவர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் தேறாமையால் 1962இல் அவரது சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. அரச ஊழியன் சம்பளத்துக்காக முடிமீது வழக்காட இயலாது என்பது காரணம். 1969 டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்ஸில் அக்காரணத்தை ஏற்காது, மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு அமைவானதா என்னும் மூலக் கேள்வியை விசாரிக்குமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. அக்கேள்விக்கு எந்த நீதிமன்றமும் இறுதி விடை கூறவில்லை. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு கேள்வியையே இல்லாமலாக்கிற்று.

1983 ஜூலையில் கொழும்பு எரிந்ததையும் அதன் பின் 2009 மே வரை நீடித்த போரையும் இங்கு விரிக்க வேண்டியதில்லை. அந்த இரத்தத்தின் நடுவே, 1987 நவம்பரில், பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாகும் என்று ஒரு வரியைச் சேர்த்தது. மறு ஆண்டின் பதினாறாவது திருத்தம் நிருவாகத்திலும் நீதிமன்றங்களிலும் இரு மொழிகளின் உபயோகத்தை வகுத்தது. அரசகரும மொழிகள் ஆணைக்குழு 1991ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்தது. 2007 ஜூலை முதல் அரச சேவையிற் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறல் வேண்டுமெனச் சுற்றறிக்கை வந்தது. எனினும் 2011இல் கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு, பொலிஸ் நிலையங்களில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருத்தல் வேண்டுமென விதந்துரைக்க நேர்ந்தது. சட்டம் வந்து இருபத்துநான்கு ஆண்டுகளின் பின்னரும் இத்தகைய விதந்துரை தேவைப்பட்டதெனின், நாமும் பெலாரஸின் பாதையிலேயே நின்றோம் என்பது தெளிவு. பெயர்ப்பலகையிலே தமிழ் எழுத்துப் பிழையோடாவது இருக்கிறது. உள்ளே சென்றால், தமிழிற் கடிதம் எழுதியவனுக்குச் சிங்களத்திற் பதில் வருகின்றது.

ஒரு மொழியின் உண்மையான அந்தஸ்தை அரசியலமைப்பின் வாசகத்தைக் கொண்டு மாத்திரம் அளவிட முடியாது என்பதே ருஷ்யாவின் அனுபவமும் நமது அனுபவமும் ஒருங்கே உணர்த்தும் உண்மை. சட்டமே இல்லாத இடத்திலும் கட்டாயம் நிலவலாம். சோவியத் நாட்டில் 1938க்குப் பின் அதுவே நிகழ்ந்தது. சட்டம் இருந்தும் உரிமை இல்லாதிருக்கலாம். கொழும்பில் 1987க்குப் பின் நாம் காண்பது அது. கந்தோரின் மேசைக்கு முன் நிற்கும் மிக எளிய மனிதன், தன் மொழியில் கேட்டு, தன் மொழியில் விடை பெற்று, தான் வாசித்து விளங்கியதற்கு மாத்திரம் கையொப்பமிடுகின்றானா என்பதே உரைகல்.

இந்த உரைகல்லைக் கையிலெடுக்க வேண்டியவர்கள் ஆசிரியரும் மாணவருமே. பிள்ளைகளுக்குச் சிங்களம் கற்பிப்பதை நாம் அடிமைத்தனமெனக் கருதவேண்டியதில்லை. கட்டாயத்தை எதிர்ப்பது வேறு, அயலவனின் மொழியைக் கற்பது வேறு. சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க முன்வரும் சிங்கள ஆசிரியரோடு நாம் கைகோத்தல் வேண்டும். அரசோடு தொடர்புகொள்ளும்போது தமிழிலேயே எழுதுவோம். தமிழிலேயே பதில் கோருவோம். பதில் வராவிடின் ஆணைக்குழுவுக்கு முறையிடுவோம். கொட்டாஞ்சேனையில் வாழும் மாணவர் நால்வர் சேர்ந்து, வாரத்தில் ஒரு மாலையேனும் அயலிலுள்ள தொழிலாளருக்கு வந்த கடிதங்களை வாசித்துச் சொல்லவும், அவர்களது விண்ணப்பங்களைத் தமிழில் நிரப்பிக் கொடுக்கவும் ஓரிடத்தில் அமர்வார்களாயின், அங்கிருந்து நமது பணி தொடங்கிவிடும்.